சிங்கப்பூரில் கடைசி நாள்



போன மாதம் நான் சிங்கப்பூர் போய்வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஹெச்.எம். அம்மா என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அருவியைப் பற்றிச் சொன்னேன், நூலகத்தைப் பற்றிச் சொன்னேன், அறிவியல் மையத்தைப் பற்றிச் சொன்னேன். நீங்களும் கை தட்டினீர்கள். ஆனால் கடைசி நாளைப் பற்றி மட்டும் நான் வாயே திறக்கவில்லை. மைக் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயம். எழுதும்போது அழுதால் யாருக்கும் தெரியாது அல்லவா? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இதழாசிரியர் எனக்கு ஒரு முழு சார்ட் கொடுத்திருக்கிறார். அதுவும் போதவில்லை. எழுத்து பொடிசாக இருந்தால் கொஞ்சம் கிட்டே வந்து படியுங்கள்.

2022 நவம்பரில் நம் அரசுப் பள்ளி மாணவர்கள் ஒரு குழுவாகச் சார்ஜா புத்தகக் கண்காட்சிக்குப் போனார்கள். அப்போது நான் எட்டாம் வகுப்பு. பேப்பரில் வந்த அந்தப் படத்தை வெட்டி நோட்டு அட்டையில் ஒட்டி வைத்தேன். அதே மாதிரி ஒரு குழுவில் என் பெயரும் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. கலைத்திருவிழாவில் ஓவியத்துக்கு மாநில அளவில் பரிசு கிடைத்தது, பெயரும் வந்துவிட்டது! எங்கே என்று கேட்டேன். சிங்கப்பூர் என்றார்கள்.

வீட்டில் போய்ச் சொன்னதும் அம்மா முதலில் சிரிக்கவில்லை. "அப்ப நீ அவனைப் பார்ப்பே" என்றார்கள். அவ்வளவுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்கள்.

"அவன்" என்றால் என் அண்ணன். பழைய ஆசிரியர்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். இதே பள்ளியில் 2014, 2015இல் பத்தாம் வகுப்பு படித்தவன். இதே சுவர் இதழுக்குத் தலைப்பு எழுத்து எழுதியவன். பத்தாவது முடித்து அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தான். பிறகு எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் காண்ட்ராக்ட். நிரந்தரம் ஆகும் என்று சொல்லிச் சொல்லியே நாள் போனது. கடைசியில் சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடித்துப் பாஸ் ஆனான். ஏஜெண்டுக்குக் கட்ட அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

அவன் கிளம்பியது 2019 ஜூலை. உங்களுக்கு அந்த வருடம் நினைவிருக்கும். புழல் ஏரியும் செம்பரம்பாக்கமும் வறண்டு, நாம் எல்லோரும் குடத்தோடு லாரிக்குக் காத்துக்கிடந்த வருடம். ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, ஜூலை 12ஆம் தேதி, அந்த வாரம்தான் அண்ணனும் கிளம்பினான். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தண்ணீர் ரயில் ஆவடி வழியாகப் போகிறது என்று எல்லோரும் பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. அண்ணன் பெட்டி மேல் உட்கார்ந்து, எழுந்திருக்கமாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் ஊருக்கு வந்தது ஒரே ஒரு தடவை, 2022இல், ஒரு மாதம். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில்தான் அண்ணன். "என்ன வேலைப்பா?" என்று கேட்டால் "ஆபீஸ்லதாம்மா, ஏசி ரூம்" என்பான். பின்னால் வெள்ளைச் சுவர் தெரியும். நாங்களும் அதுதான் ஏசி ரூம் என்று நம்பினோம்.

ஊர் கிளம்பும்போது அம்மா என் பெட்டியில் பாதியை எலுமிச்சை ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் முறுக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். நம் தமிழம்மாவும் ஒரு பழுப்புக் கவர் கொடுத்தார்கள். "உன் அண்ணன்கிட்ட குடு. பிரிச்சுப் பாக்காதே" என்றார்கள். நான் பிரிக்கவில்லை. (சத்தியமாக!)

சிங்கப்பூரில் இறங்கியதும் ஒரு சிக்கல். குழுவை விட்டு யாரும் தனியாகப் போகக் கூடாது, சொந்தக்காரர் வந்து கூப்பிட்டாலும் அனுப்பமாட்டோம் என்று பொறுப்பாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே. எத்தனை பிள்ளைகள், எத்தனை பெற்றோருக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும்! நான் அம்மாவின் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்னார்கள். "கடைசி நாள் ஏர்போர்ட்ல, என் கண் எதிர்ல, அரை மணி நேரம். அவர் அங்க வந்துட்டா பேசிக்கோ." எனக்கு அது போதும்.

நடுவில் வந்த நாட்களை மேடையிலேயே சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் திரும்பச் சொல்கிறேன், பின்னால் அது வரும். மரினா அணையில் ஒரு அண்ணா எங்களுக்கு விளக்கினார். அந்த நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழையைப் பிடித்து நீர்த்தேக்கங்களில் சேர்க்கிறார்களாம். கழிவு நீரையும் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறார்களாம். கேட்டதும் எனக்கு நம் தெருவில் வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்கள்தான் ஞாபகம் வந்தன.

மேடையில் சொல்லாதது, லாரி.

மூன்றாம் நாள் காலை எங்கள் பஸ் சிக்னலில் நின்றது. பக்கத்தில் ஒரு சின்ன லாரி. பின்னால் பெஞ்சு போட்ட மாதிரி இரண்டு வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் ஹெல்மெட், காலில் பெரிய பூட்ஸ், மடியில் சாப்பாட்டுப் பொட்டலம். சிலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஜன்னல் வழியாக "டாட்டா" காட்டினார்கள். லாரியிலிருந்து ஒருவர் எங்கள் பஸ்ஸில் கட்டியிருந்த தமிழ்ப் பேனரைப் படித்துவிட்டு, கையைக் குவித்து ஏதோ கேட்டார். கண்ணாடி மூடியிருந்ததால் சத்தம் வரவில்லை. ஆனால் உதட்டசைவு புரிந்தது. "எந்த ஊரு?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

என் பக்கத்து சீட்டில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தோழி. "எங்கப்பாவும் இப்படித்தான் வேலைக்குப் போவாங்க" என்றாள். நான் பெருமையாக, "எங்க அண்ணனுக்கு ஆபீஸ் வேலை" என்றேன்.

"அப்படியா? எந்த பாஸு?"

"பாஸா? ஒர்க் பெர்மிட்னு சொல்வான்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒர்க் பெர்மிட்டுல ஆபீஸ்ல உக்கார வைக்கமாட்டாங்கடி. அது சைட்டு வேலை, ஷிப்யார்டு வேலைக்குக் குடுக்கறது." பிறகு அவளாகவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து எந்த லாரி போனாலும் நான் ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பெட்டிகளை எடை போட்டோம். ஒருத்தி பெட்டியில் சாக்லெட் மட்டும் நாலு கிலோ! பிறகு சிராங்கூன் சாலைக்கு அழைத்துப் போனார்கள். போர்டெல்லாம் தமிழில் இருக்கிறது. மல்லிகைப்பூ, வாழை இலை, காளியம்மன் கோயில், 1935இல் தொடங்கிய தமிழ் முரசு பத்திரிகை, எல்லாமே உண்டு. ஞாயிறு என்பதால் அந்தத் தெரு முழுக்க நம் ஊர் அண்ணன்கள். பணம் அனுப்ப வரிசை, புல்தரையில் உட்கார்ந்து வீட்டோடு போன் பேச்சு. அண்ணன் அங்கேயே வந்துவிட மாட்டானா என்று தேடினேன். ஆனால் அவனுக்கு அன்றைக்கும் பாதி நாள் ஓ.டி. நமக்கு ஓ.டி. என்றால் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட். அங்கே ஓ.டி. என்றால் ஓவர் டைம்.

மாலை நாலரைக்குச் சாங்கி விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஜூவல் என்று ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம் உண்டு. 2019இல் திறந்தது. கூரையின் நடுவிலிருந்து 40 மீட்டர் உயர அருவி கொட்டும். கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகத்திலேயே அதுதான் உயரமானது. எல்லோரும் போட்டோ எடுக்க ஓடினார்கள். நான் அருவிக்கு முதுகு காட்டிக்கொண்டு ரயிலடிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு ஐம்பது. நாலு ஐம்பத்தைந்து. டீச்சர் வாட்சைப் பார்க்கிறார்கள், நானும் பார்க்கிறேன்.

ஐந்து மணிக்கு ஒருவன் ஓடி வந்தான். தீவின் மேற்குக் கோடி துவாஸ். அங்கிருந்து கிழக்குக் கோடி சாங்கிக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். சட்டை புத்தம் புதுசு. கவரிலிருந்து எடுத்த மடிப்புக் கோடு அப்படியே இருந்தது.

"என்ன பாப்பா, இவ்ளோ வளந்துட்டே!"

"நீ இளைச்சுட்டேண்ணா."

"ஜிம்" என்றான். இருவரும் சிரித்தோம். டீச்சருக்கு வணக்கம் சொன்னான். டீச்சர் கொஞ்ச தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம்.

ஊறுகாயைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினான். கோடாலித் தைலம், அப்பாவுக்கு டார்ச், எனக்கு வாட்டர் கலர் டப்பா என்று ஒரு பை நிறைய அவன் கொடுத்தான். வாங்கும்போது அவன் கையைப் பார்த்தேன். புறங்கை முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தீப்பொறி பட்ட தழும்பு. நகக்கண்ணில் கழுவியும் போகாத கறுப்பு.

"அண்ணா, நீயும் லாரியிலதான் வேலைக்குப் போறியா?"

அவன் அருவியைப் பார்த்தான். "யார் சொன்னா?"

"ஒர்க் பெர்மிட்னா ஆபீஸ் வேலை கிடையாதாமே."

"பரவாயில்லையே, ஆறு நாள்ல சிங்கப்பூர் சட்டமெல்லாம் படிச்சுட்டியே" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அப்புறம் சொன்னான். "ஆமா பாப்பா. காத்து நல்லா வரும். மழை வந்தா தார்ப்பாயை இறக்கிக்குவோம்."

2020ஐப் பற்றியும் அப்போதுதான் சொன்னான். அந்த வருடம் சிங்கப்பூரில் கொரோனா வந்தவர்களில் பெரும்பாலோர் விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். "ஒரு ரூம்ல பதினாறு பேர். வெளியே விடலை. பக்கத்துக் கட்டில்காரனுக்கு வந்துடுச்சு. உங்ககூட வீடியோல பேசறப்ப நான் மட்டும் சுவரோட ஒட்டி உக்காந்துக்குவேன், கட்டிலுங்க தெரியக்கூடாதுன்னு."

அந்த வெள்ளைச் சுவர்!

"ஏண்ணா சொல்லலை?"

"அம்மா வளையலை வெச்சு அனுப்பினாங்க. லாரியில போறேன்னு சொன்னா, வளையல் போச்சேன்னு அழமாட்டாங்க. எனக்காக அழுவாங்க. நீயும் சொல்லாதே."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பேச்சை மாற்ற, "இந்த இடத்துக்கு முன்னாடி வந்திருக்கியா?" என்று கேட்டேன். "ஏர்போர்ட்டுக்கு வந்திருக்கேன். இந்த அருவிப் பக்கம் வந்ததில்லை. நீ காட்டு" என்றான். ஆறு வருடம் அங்கே இருப்பவனுக்கு ஆறு நாள் இருந்த நான் சுற்றிக் காட்டினேன்! மழை பெய்தால் அந்தத் தண்ணீரே கூரை வழியாக இறங்கி அருவியில் சேரும், அதையே திரும்பத் திரும்ப மேலே ஏற்றுவார்கள் என்று மரினா அணை அண்ணா மாதிரியே விளக்கினேன். அவன் மாணவன் மாதிரி கேட்டுக்கொண்டான். ஆனால் அவன் கண் தண்ணீரில் இல்லை. கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த ஜாயிண்டைப் பாரு பாப்பா. ஒவ்வொண்ணும் ஒரு கோணம். எவ்வளவு நேக்கா சேத்திருக்கான்!" என்றான். அத்தனை பேர் போட்டோ எடுத்த இடத்தில் ஜாயிண்டைப் பார்த்தவன் என் அண்ணன் ஒருவனாகத்தான் இருப்பான்.

தமிழம்மா கொடுத்த கவர் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரித்தான். உள்ளே ஒரு சார்ட் துண்டு. 2014ஆம் வருடச் சுவர் இதழின் தலைப்பு மட்டும் வெட்டி மடித்து வைத்திருந்தது. சிவப்பும் நீலமுமாக அண்ணன் எழுதிய எழுத்து. ஓரம் கறையான் அரித்திருந்தது. தமிழம்மா அதைப் பத்து வருடத்துக்கு மேல் பீரோவில் வைத்திருக்கிறார்கள்!

அவன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "இந்தக் கொம்பு கொஞ்சம் கோணலா போச்சு" என்றான். "இப்ப எழுதறியாண்ணா?" என்று கேட்டேன். "தினமும் எழுதறேனே! இரும்பு மேல சாக்பீஸால அளவு எழுதறது நான்தான். உன் கையெழுத்துதாண்டா தூரத்துலயும் தெரியுதுன்னு சூப்பர்வைசர் சொல்வார்."

நான் ஓவிய நோட்டையும் ஸ்கெட்ச் பேனாவையும் நீட்டினேன். ஒரு கால் மேல் நோட்டை வைத்து, நின்றபடியே எழுதினான். இந்தக் கட்டுரைக்கு மேலே இருக்கும் தலைப்பு அதுதான். வெட்டி ஒட்டியிருக்கிறேன். நான் எழுதியது என்று நினைத்து யாரும் பாராட்டிவிடாதீர்கள்.

டீச்சர் எழுந்தார்கள். என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு டாலர் நாணயம். அவனிடம் கொடுத்தேன். அவன் அதைத் திருப்பிக் காட்டினான். நாலு மொழியில் நாட்டின் பெயர். அதில் ஒன்று தமிழ். "சிங்கப்பூர்" என்று நம் எழுத்து. "வந்த புதுசுல இதைத்தான் தடவித் தடவிப் பார்ப்பேன். அம்மாகிட்ட குடு" என்று என் கையிலேயே வைத்து மூடினான். வரிசையில் போகும்போது திரும்பிப் பார்த்தேன். கையாட்டிக்கொண்டு நின்றான். இன்னொரு தடவை திரும்பினேன். அப்போது அவன் ஊறுகாய்ப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தான்.

விமானத்தில் நாலு மணி நேரம். ஜன்னல் சீட் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. அப்பா ஷேர் ஆட்டோவையே மீனம்பாக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பைபாஸில் அம்பத்தூர் விளக்குகள் தெரிந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. வழி முழுக்க "எப்படி இருந்துச்சு?" என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். "சூப்பர்பா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அம்மாவிடம் நாணயத்தைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அவ்வளவுதான், என்னால் முடியவில்லை. அண்ணனுக்குத் தலையாட்டியதெல்லாம் போய்விட்டது. லாரி, பதினாறு பேர், வெள்ளைச் சுவர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா அழவில்லை.

"தெரியும்டி" என்றார்கள். "நான் இருபது வருசமா எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலை பாக்கறேன். ஆபீஸ்ல உக்கார்றவங்க கை எப்படி இருக்கும், நின்னு வேலை செய்றவங்க கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வீடியோல அவன் முகம் துடைக்கறப்பல்லாம் கையைத்தான் பாப்பேன். அவன் மறைச்சான். நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

அடுத்த ஞாயிறு போன் வந்தது. வழக்கம் போல ஊறுகாய், மழை, அப்பாவின் முட்டி வலி என்று பேச்சு. வைக்கும் சமயத்தில் அம்மா சாதாரணமாக, "லாரியில ஓரமா உக்காராதேப்பா" என்றார்கள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு "சரிம்மா" என்றான். மெதுவாகப் போனைத் திருப்பினான். இரண்டடுக்குக் கட்டில்கள், கொடியில் காயும் சட்டைகள், கையாட்டும் நாலைந்து அண்ணன்கள். அவன் கட்டிலுக்கு மேலே, சுவரில், நம் சுவர் இதழின் பழைய தலைப்பு ஒட்டியிருந்தது.

இதை எழுதட்டுமா என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். "எழுது, அவன் என்ன தப்பா பண்ணிட்டான்?" என்றார்கள் அம்மா. "எழுத்துப் பிழை இல்லாம எழுது" என்றான் அண்ணன்.

நண்பர்களே, நம் பள்ளியிலும் எத்தனையோ பேருக்கு அப்பாவோ அண்ணனோ மாமாவோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். போன் வந்ததும் நாம் "எப்ப வருவீங்க, என்ன வாங்கிட்டு வருவீங்க" என்றுதான் கேட்கிறோம். நானும் ஆறு வருடம் அப்படித்தான் கேட்டேன். இந்த ஞாயிறு அதற்கு முன்னால் "இன்னைக்கு என்ன வேலை செஞ்சீங்க?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். உடனே சொல்லாமல் இருக்கலாம். அடுத்த வாரமும் கேளுங்கள்.

சார்ட் முடிந்துவிட்டது.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு